வென்ற பக்கம் சரியான பக்கமா?

நண்பர்களே, ஒரு கேள்வியோடு தொடங்குகிறேன். உங்கள் வாய் சொல்லாத ஒரு பொய்யை நீங்கள் எழுதிய கணினி நிரல் சொன்னால், அந்தப் பொய் யாருடையது?

இது தேர்வுத்தாளில் வந்த கேள்வி இல்லை. போன வருடம் தொழிலியல் பயிற்சிக்குப் போன இடத்தில் ஓர் ஆண்ட்டி எனக்கு அடித்த போனில் வந்தது. அவர் இதை இப்படிக் கேட்கவே இல்லை. அவர் கேட்டது வேறு. ஆனால் எனக்கு இப்படித்தான் கேட்டது.

ஒரு தொலைபேசி அழைப்பு

நான் மென்பொருள் பொறியியல் மூன்றாம் ஆண்டு மாணவன். பயிற்சிக்குச் சேர்ந்தது கிள்ளான் பள்ளத்தாக்கில் ஒரு சிறிய இயங்கலைக் கடை. சேலை, வேட்டி, ஜிப்பா, குத்துவிளக்கு, பூசைப் பொருள் என்று நம் வீடுகளுக்குத் தேவையானதை விற்கிறார்கள். மொத்தம் ஏழு பேர்தான் வேலை. அதனால் நிரல் எழுதுகிறவனும் நான்தான், மதிய நேரத்தில் வாடிக்கையாளர் போனை எடுக்கிறவனும் நான்தான்.

ஒருநாள் தெலுக் இந்தான் பக்கத்திலிருந்து ஓர் ஆண்ட்டி கூப்பிட்டார். முந்தின நாள் ராத்திரி மகனுக்கு ஒரு ஜிப்பாவும் தனக்கு ஒரு சேலையும் வாங்கியிருக்கிறார். சம்பளம் வர இன்னும் மூன்று நாள் இருந்ததாம். ஆனால் எங்கள் பக்கத்தில் "இந்த விலை இன்னும் 7 நிமிடம் மட்டுமே" என்று சிவப்பில் ஒரு கடிகாரம் ஓடியிருக்கிறது. பக்கத்து வீட்டில் கைமாற்று வாங்கி, பேங்கில் போட்டு, கடிகாரம் முடிவதற்குள் வாங்கிவிட்டார். காலையில் அந்தப் பக்கத்து வீட்டு அக்காவுக்குச் சேலையைக் காட்டலாம் என்று பக்கத்தைத் திறந்தால் அதே விலை, அதே கடிகாரம், மறுபடியும் பத்து நிமிடத்திலிருந்து ஓடுகிறது.

அவர் சண்டை போடவில்லை. காசைத் திருப்பிக் கேட்கவும் இல்லை. தயங்கித் தயங்கி இப்படிக் கேட்டார்: "தம்பி, எனக்கு இந்தப் போன்லாம் அவ்வளவா தெரியாது. நான்தான் ராத்திரி தப்பா பாத்துட்டேனா?"

நான் என்ன சொன்னேன் தெரியுமா? "இல்ல ஆண்ட்டி, சிஸ்டம் அப்டேட் ஆகியிருக்கும்."

அந்தக் கடிகாரத்தை எழுதியது நான். அது எந்த விலையோடும் எந்த இருப்போடும் சம்பந்தப்பட்டதே இல்லை. பக்கம் திறந்தால் பத்திலிருந்து குறையும். மூடித் திறந்தால் மறுபடியும் பத்து. முப்பது வரி நிரல், அரை மணி நேர வேலை. எழுதும்போது எனக்கு ஒன்றுமே உறுத்தவில்லை. அதையே ஓர் ஆளிடம் வாய் திறந்து சொல்ல வந்தபோது, முதல் பொய்யைக் காப்பாற்ற இரண்டாவது பொய் தேவைப்பட்டது. போனை வைத்த பிறகு மத்தியானச் சாப்பாடு இறங்கவில்லை.

இரண்டு பக்கங்கள், ஒரு நாணயம்

அந்தக் கடிகாரம் எப்படி அங்கே வந்தது என்பதைச் சொல்ல வேண்டும். இல்லாவிட்டால் எங்கள் கடையை ஏதோ மோசடிக் கும்பல் என்று நினைத்துவிடுவீர்கள்.

கடையின் இணையத்தளம் பழையதாகிவிட்டது. பொருளைக் கூடையில் போட்ட பிறகு பணம் கட்ட ஐந்து பக்கம் தாண்ட வேண்டும். முகவரியை இரண்டு தடவை கேட்கும். கைப்பேசியில் எழுத்து பொடிப்பொடியாகத் தெரியும். புதிதாக வடிவமைக்கச் சொன்னார் எங்கள் முதலாளி. அவரை எல்லாரும் 'அண்ணே' என்றுதான் கூப்பிடுவோம். நான் வடிவமைத்தேன். ஆனால் புதியது பழையதைவிட நல்லது என்று எப்படித் தெரிந்துகொள்வது?

சுலபமான வழி, மாற்றிவிட்டு விற்பனை ஏறுகிறதா என்று பார்ப்பது. அதில் ஒரு பொறி இருக்கிறது. மாதக் கடைசியில் சம்பளம் போட்டதும் விற்பனை தானாக ஏறும். தீபாவளி நெருங்க நெருங்க இன்னும் ஏறும். அந்த நேரத்தில் பக்கத்தை மாற்றிவிட்டு "பாத்தீங்களா, என் டிசைன்!" என்று மார்தட்டினால் அது காக்கா உட்காரப் பனம்பழம் விழுந்த கதைதான்.

அதனால் இரண்டு பக்கங்களையும் ஒரே நேரத்தில் ஓட விட வேண்டும். கடைக்கு வரும் ஒவ்வொருவருக்கும் கணினி ஒரு நாணயத்தைச் சுண்டுகிறது. தலை விழுந்தால் பழைய பக்கம், பூ விழுந்தால் புதிய பக்கம். ஒருவருக்கு எது விழுந்தது என்பதை அவருடைய உலாவியில் 'குக்கி' என்ற சின்னக் குறிப்பில் எழுதி வைப்போம். அடுத்த முறை வந்தாலும் அதே பக்கம்தான் தெரியும். சம்பள நாளும் தீபாவளியும் மழையும் இரண்டு பக்கத்துக்கும் பொதுவாகிவிடுகின்றன. கடைசியில் மிஞ்சும் வித்தியாசம் பக்கத்தால் வந்தது என்று சொல்ல நியாயம் இருக்கிறது. இதற்கு ஏ/பி சோதனை என்று பெயர். நீங்கள் இன்றைக்குத் திறந்த செயலிகளில் ஒன்றாவது உங்களை ஏதோ ஒரு நாணயத்தில் சுண்டியிருக்கும்.

சுண்டினால் போதாது, பொறுமையும் வேண்டும். கடையின் எண்களை எழுத எனக்கு அனுமதி இல்லை. கணக்குக்காக ஓர் உதாரணம் சொல்கிறேன். நூறு பேர் வந்தால் மூன்று பேர் வாங்கும் கடை என்று வைத்துக்கொள்ளுங்கள். புதிய பக்கம் அதை 3 விழுக்காட்டிலிருந்து 3.6 விழுக்காடாக உயர்த்துகிறதா என்று வழக்கமான புள்ளியியல் அளவுகோல்படி பார்க்க, ஒவ்வொரு பக்கத்துக்கும் ஏறக்குறைய 14,000 பேர் வேண்டும். தினமும் ஆயிரம் பேர் வரும் கடையில் அது நான்கு வாரம். நான்காம் நாளே "புதுசு ஜெயிக்குதே, நிறுத்திடலாம் லா" என்று அண்ணே சொன்னார். தினமும் எட்டிப் பார்த்து, வசதியான நாளில் நிறுத்தினால் வெறும் அதிர்ஷ்டம்கூட வெற்றி மாதிரி தெரியும் என்று நான் பிடிவாதமாக நின்றேன். அவரும் விட்டுக்கொடுத்தார். அன்றைக்கு என் நேர்மையை நினைத்து எனக்கே பெருமையாக இருந்தது. கணக்கில் அவ்வளவு நேர்மையாக இருந்தவன், கணக்குக்குள் என்ன போட்டேன் என்று யோசிக்கவில்லை.

தெரியாது என்று ஒப்புக்கொள்வது

இந்தச் சோதனை முறையை நான் குறை சொல்ல வரவில்லை. உண்மையில் எனக்கு இதில் ஒரு மரியாதை உண்டு. "எனக்குத் தெரியாது, பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும்" என்று ஒப்புக்கொள்ளும் அடக்கம் இதில் இருக்கிறது.

1747-இல் ஜேம்ஸ் லிண்ட் என்ற கப்பல் மருத்துவர், ஸ்கர்வி நோய் வந்த 12 மாலுமிகளை இரண்டிரண்டு பேராகப் பிரித்து, ஒவ்வொரு ஜோடிக்கும் வெவ்வேறு மருந்து கொடுத்துப் பார்த்தார். ஆரஞ்சும் எலுமிச்சையும் சாப்பிட்ட இருவரும் சீக்கிரம் தேறினார்கள். அதற்கு முன்பு ஆளுக்கொரு மருந்தைச் சத்தியம் செய்து கொடுத்துக்கொண்டிருந்தவர்கள் எல்லாரும் கெட்டவர்களா? இல்லை. ஒப்பிட்டுப் பார்க்காதவர்கள்.

நம் காலத்தில், 2012-இல், மைக்ரோசாஃப்டின் பிங் தேடுதளத்தில் விளம்பரத் தலைப்பைக் காட்டும் முறையை மாற்றலாம் என்று ஓர் ஊழியர் சொன்ன யோசனை மாதக்கணக்கில் கிடப்பில் கிடந்தது. அதில் பெரிதாக ஒன்றும் இல்லை என்று நினைத்துவிட்டார்கள். கடைசியில் சோதித்துப் பார்த்தபோது வருமானம் 12 விழுக்காடு ஏறியது. அமெரிக்காவில் மட்டும் வருடத்துக்கு 10 கோடி டாலருக்கு மேல். அதே நிறுவனத்தில் சோதிக்கப்பட்ட யோசனைகளில் மூன்றில் ஒரு பங்குதான் நினைத்த பலனைத் தந்தது. ஒரு பங்கு ஒன்றுமே செய்யவில்லை, ஒரு பங்கு நிலைமையைக் கெடுத்தது. பெரிய பெரிய மூளைகளுக்கே இந்த மார்க் என்றால், நானும் அண்ணனும் மேசையைச் சுற்றி உட்கார்ந்து "எனக்கு இதுதான் அழகு" என்று வாதாடுவதில் என்ன அர்த்தம்?

ஆகவே சோதனை நல்லதுதான். ஆனால் லிண்ட் கேட்ட கேள்வியைக் கவனியுங்கள்: இந்த மாலுமிக்கு எது நல்லது? நாங்கள் கேட்ட கேள்வி: இந்த ஆண்ட்டியை எது வாங்க வைக்கும்? முறை ஒன்று. கேள்வி வேறு. கேள்வியைத் தேர்ந்தெடுப்பது கணினி இல்லை, நாம்.

புதிய பக்கத்தில் நான் போட்டவை இவை: ஐந்து பக்கப் படிவம் ஒரே பக்கமானது. எழுத்து பெரிதானது. அனுப்பும் செலவு முதலிலேயே தெரிந்தது. இந்த மூன்றும் வாங்குகிறவருக்கு உதவி. கூடவே இரண்டு: அந்தக் கடிகாரம், அப்புறம், பரிசுப் பொதிவுக்கு 6 ரிங்கிட் என்று முன்கூட்டியே சரி போட்டு வைத்த ஒரு கட்டம். வேண்டாம் என்றால் நீங்கள்தான் தேடிப் பிடித்து நீக்க வேண்டும். "எல்லாக் கடையிலயும் இருக்கு, நாமளும் போடுவோம்," என்றார் அண்ணே. நானும் போட்டேன். நான்கு வாரம் முடிந்தது. புதிய பக்கம் தெளிவாக வென்றது. அண்ணே எல்லாருக்கும் வாழையிலைச் சாப்பாடு வாங்கிக் கொடுத்தார். அதற்கு அடுத்த வாரம்தான் தெலுக் இந்தான் ஆண்ட்டி போன் செய்தார்.

அந்த வெற்றிக் கணக்கில் அவர் மாதிரியானவர்கள் இருந்தார்கள். படிவம் சுலபமாக இருந்ததால் நிம்மதியாக வாங்கியவரும் ஒன்று. கைமாற்று வாங்கி, நெஞ்சு படபடக்க வாங்கியவரும் ஒன்று. ஒன்றும் ஒன்றும் இரண்டு. கூட்டல் சரி.

பாசார் மாலாமில் அப்பா

நான் அண்ணனிடம் போய்ச் சொன்னேன். அவர் கோபப்படவில்லை. சிரித்துக்கொண்டே என்னிடம் ஒரு கேள்வி கேட்டார். அந்தக் கேள்வி என்னை இரண்டு நாள் தூங்க விடவில்லை.

"தம்பி, உங்கப்பா பாசார் மாலாம்ல துணி வித்தவருதானே? 'கடைசி பீஸ் ஆண்ட்டி, போனா வராது'ன்னு அவரு ஒரு நாளாச்சும் கத்தியிருக்க மாட்டாரா? அந்தக் காசுலதானே நீ படிச்ச?"

உண்மைதான். நானே அந்த மேசைக்குக் கீழே உட்கார்ந்து வீட்டுப்பாடம் செய்திருக்கிறேன். அப்பா 'கடைசி பீஸ்' என்று கத்தும்போது, அதே சட்டை இன்னும் பத்து என் காலடிப் பையில் இருந்ததையும் பார்த்திருக்கிறேன்.

வார இறுதியில் வீட்டுக்குப் போனபோது அப்பாவிடமே கேட்டேன். "ஆமா, சொல்லியிருக்கேன்," என்றார், மறைக்காமல். "அது தப்புதான். ஆனா ஒன்னு. நான் கடைசி பீஸ்னு சொன்னா அந்தம்மா என் மூஞ்சியப் பாப்பாங்க. 'எங்க, அந்தப் பையத் தொற பாப்போம்'னு சொல்லுவாங்க. நானும் சிரிச்சிடுவேன், ரெண்டு வெள்ளி கொறச்சிக் கொடுப்பேன். அடுத்த புதன்கிழம அதே அம்மா அதே எடத்துக்கு வருவாங்க. ரொம்ப ஏமாத்துனா எவன் வருவான்?"

அப்பா தன்னை நியாயப்படுத்தவில்லை. ஆனால் ஒரு வித்தியாசத்தைக் காட்டிவிட்டார். பாசார் மாலாமில் இருவரும் ஒரே விளக்கு வெளிச்சத்தில் நிற்கிறார்கள். விற்கிறவர் கூவுகிறார் என்பது வாங்குகிறவருக்குத் தெரியும். அது இரண்டு பேரும் ஆடும் ஆட்டம். பையைத் திறக்கச் சொல்லலாம். விற்கிறவருக்கும் வெட்கம் என்று ஒன்று இருக்கிறது, அது அவர் பொய்க்கு ஓர் எல்லை போடுகிறது.

எங்கள் பக்கத்தில் அது எதுவும் இல்லை. ஆண்ட்டி எங்கள் முகத்தைப் பார்க்க முடியாது. கடிகாரம் என்பது கூவுகிற ஆள் மாதிரி தெரிவதில்லை. சுவரில் தொங்கும் கடிகாரம் மாதிரி, ஒரு தகவல் மாதிரி தெரிகிறது. அதனால்தான் அவர் எங்களைச் சந்தேகப்படவில்லை, தன் கண்ணைச் சந்தேகப்பட்டார். அவர் தனியாக, ராத்திரி பதினொரு மணிக்கு, ஒரு சின்னத் திரையின் முன்னால். எதிரே நிற்பதோ ஆயிரக்கணக்கானவர்களிடம் சோதித்து, எந்தச் சொல்லில் மனிதர்கள் பதறுகிறார்கள் என்று கண்டுபிடித்து வைத்திருக்கும் ஓர் இயந்திரம். அப்பாவின் பொய் குத்துமதிப்பானது. என்னுடையது அளந்து கூர்மையாக்கியது.

இது எங்கள் கடையின் கதை மட்டும் இல்லை. 2010-இல் ஹாரி பிரிக்னல் என்ற வடிவமைப்பாளர் இந்த மாதிரித் தந்திரங்களுக்கு 'டார்க் பேட்டர்ன்' என்று பெயர் வைத்துப் பட்டியல் போடத் தொடங்கினார். 2019-இல் பிரின்ஸ்டன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஏறத்தாழ 11,000 கடைத்தளங்களைத் துழாவி இப்படிப்பட்ட 1,818 இடங்களைக் கண்டுபிடித்தார்கள். திறந்து மூடினால் மறுபடி தொடங்கும் கடிகாரமும் அந்தப் பட்டியலில் உண்டு. அதைப் படித்தபோது, என் முப்பது வரியை யாரோ அருங்காட்சியகத்தில் வைத்துவிட்ட மாதிரி இருந்தது. முன்கூட்டியே சரி போட்ட கட்டத்தால் கூடுதல் கட்டணம் வாங்குவதை ஐரோப்பிய ஒன்றியம் 2014-லிருந்து தடுத்திருக்கிறது. நம் நாட்டின் 1999-ஆம் ஆண்டுப் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டமும் பயனீட்டாளரைத் தவறாக வழிநடத்தும் செயலைத் தடுக்கிறது. எல்லாக் கடையிலும் இருக்கிறது என்பது ஒரு காரணம் ஆகாது.

கேட்காமல் சோதிக்கலாமா?

இதை என் தோழர்களிடம் சொன்னபோது ஒருவன் இன்னும் ஒரு படி மேலே போனான். "கடிகாரத்த விடு. ஜனங்களுக்குச் சொல்லாமலே அவங்கள வச்சி சோதனை பண்றதே தப்புதானே?" என்றான்.

நல்ல கேள்வி. 2012 ஜனவரியில் முகநூல், 689,003 பேருக்கு ஒரு வாரம் செய்தி ஓடையை மாற்றிக் காட்டியது. சிலருக்கு நண்பர்களின் மகிழ்ச்சியான பதிவுகளைக் குறைத்தது, சிலருக்குச் சோகமானவற்றைக் குறைத்தது. அவர்கள் எழுதும் சொற்களில் மாற்றம் வருகிறதா என்று பார்ப்பதற்காக. 2014-இல் ஆய்வுக் கட்டுரை வெளிவந்தபோது உலகமே கொதித்தது. கண்டுபிடித்த விளைவு மிகச் சிறியது. கோபம் அதைப் பற்றி இல்லை. என் மனநிலையில் கை வைக்க உனக்கு யார் அனுமதி கொடுத்தது என்பதுதான் கோபம். அதற்கும் முன்பு, 2000-இல், அமேசான் ஒரே டிவிடியை வெவ்வேறு ஆட்களுக்கு வெவ்வேறு விலைக்கு விற்றுச் சோதித்தது. வெளியே தெரிந்ததும் மன்னிப்புக் கேட்டு, 6,896 பேருக்குச் சராசரியாக 3.10 டாலர் திருப்பிக் கொடுத்தது.

அப்படியென்றால் எல்லாச் சோதனைக்கும் அனுமதிப் படிவம் வேண்டுமா? எழுத்தைப் பெரிதாக்கிப் பார்ப்பதற்கு "ஐயா, தங்களைச் சோதிக்கலாமா?" என்று கேட்டால் சிரிப்பார்கள். கோயிலில் செருப்பு வைக்கும் இடத்தை இந்த வாரம் இடப்பக்கம் மாற்றிப் பார்க்கிறோம், நெரிசல் குறைகிறதா என்று. அதற்கு யாரும் ஒப்புதல் கேட்பதில்லை, யாரும் வருத்தப்படுவதும் இல்லை.

யோசித்து யோசித்து நான் வந்து சேர்ந்த இடம் இதுதான். சோதனை தவறா சரியா என்பது முன்கூட்டிச் சொன்னோமா என்பதில் மட்டும் இல்லை. பிறகாவது சொல்ல முடியுமா என்பதில் இருக்கிறது. வாடிக்கையாளர் எதிரே உட்கார்ந்து, "உங்களுக்கு ஏன் இதைக் காட்டினீர்கள்?" என்று கேட்டால், பதிலை அப்படியே அவர் முகத்துக்கு நேரே சொல்ல முடிய வேண்டும். "படிவத்தைச் சுருக்கினால் உங்களுக்குச் சுலபமா என்று பார்த்தோம், ஆண்ட்டி." தாராளமாகச் சொல்லலாம். "நேரம் முடிகிறது என்று பொய் சொன்னால் நீங்கள் பதறி வாங்குவீர்களா என்று பார்த்தோம், ஆண்ட்டி." இதை என்னால் சொல்ல முடியவில்லை. முடியவில்லை என்பதால்தான் சிஸ்டத்தின் மேல் பழியைப் போட்டேன்.

சாட்சி எதிர்ப்பக்கம் பேசியது

இங்கேதான் நான் இன்னொரு தவறு செய்தேன். அதை மறைத்து எழுதினால் இந்தக் கட்டுரைக்கே அர்த்தம் இல்லை.

அண்ணனிடம் நேராக "இது பொய், எடுத்துவிடலாம்" என்று சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை. பயிற்சி மாணவன், மதிப்பீட்டுத் தாளில் கையெழுத்துப் போடப்போகிறவர் அவர். அதனால் கெட்டிக்காரத்தனமாக ஒன்று சொன்னேன்: "அண்ணே, ஐந்து மாற்றம் ஒரே நேரத்தில் போட்டோம். எது வேலை செய்தது என்று நமக்குத் தெரியாது. கடிகாரம் இல்லாமல் ஒரு பக்கம், இருந்து ஒரு பக்கம், இன்னொரு முறை சோதிக்கலாம்." கணக்குப்படி நியாயமான பேச்சு. மனதுக்குள் நான் நினைத்தது வேறு: கடிகாரத்தால் எந்தப் பலனும் இல்லை என்று வந்துவிடும், சண்டை போடாமலே எடுத்துவிடலாம்.

நான்கு வாரம் ஓடியது. கடிகாரம் இருந்த பக்கம்தான் அதிகம் விற்றது.

பெரிய வித்தியாசம் இல்லை, ஆனால் தெளிவாக இருந்தது. தர்மத்துக்கு லாபத்தைச் சாட்சியாகக் கூப்பிட்டேன். சாட்சி எதிர்ப்பக்கம் பேசிவிட்டது. அன்றைக்குத்தான் எனக்குப் புரிந்தது. நேர்மையாக இருந்தால் லாபமும் கூடவே வரும் என்று நாம் சின்ன வயதிலிருந்து கேட்கிறோம். சில நேரம் வரும். வராத நேரத்தில் என்ன செய்கிறோம் என்பதில்தான் நேர்மை தெரிகிறது. எப்போதும் லாபம் தருவதாக இருந்தால் அதற்கு அறம் என்ற பெயரே தேவையில்லை, வியாபார உத்தி என்றே சொல்லிவிடலாம்.

இன்னொன்றும் புரிந்தது. அது இன்னும் கசப்பு. பொய் என்று தெரிந்த பிறகும், அது பொய் என்று 'நிரூபிக்க', மேலும் நான்கு வாரம் பாதிப் பேருக்கு அந்தப் பொய்யைக் காட்டியிருக்கிறேன். எண்ணால் பதில் சொல்ல முடியாத கேள்வியை எண்ணிடம் கேட்டேன். கேட்கிற நேரமெல்லாம் யாரோ ஒருவர் எங்கேயோ கைமாற்று வாங்கிக்கொண்டிருந்திருக்கலாம்.

சரி, பலன் இல்லை என்றே வந்திருந்தால்? அப்போதும் நான் கடிகாரத்தைத் தவறான காரணத்துக்காகத்தான் எடுத்திருப்பேன். அடுத்த வருடம் வேறு ஒரு பையன் வந்து, இன்னும் நன்றாக வேலை செய்யும் ஒரு பொய்யைக் கண்டுபிடித்திருப்பான்.

எண் பார்க்காதது

இந்த முறை சுற்றி வளைக்காமல் அண்ணனிடம் உட்கார்ந்து பேசினேன். கால் நடுங்கியது. ஆண்ட்டி போன் செய்ததையும், நான் அவரிடம் சொன்ன பதிலையும் சொன்னேன். "அண்ணே, அந்த போன நீங்க எடுத்திருந்தா என்ன சொல்லியிருப்பீங்க?" என்று கேட்டேன்.

அவர் உடனே பதில் சொல்லவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, "எங்கம்மா வயசா இருக்குமா அவங்களுக்கு?" என்று மட்டும் கேட்டார்.

அவர் கெட்டவர் இல்லை, நண்பர்களே. ஏழு பேருக்குச் சம்பளம் போட வேண்டிய மனிதர். பெரிய தளங்களோடு போட்டி போட்டுக்கொண்டு, கடையை மூடாமல் இருக்கப் பாடுபடுகிறவர். திரையில் அவருக்குத் தெரிந்தது ஒரு விழுக்காடு. அந்த விழுக்காட்டுக்குள் கைமாற்று தெரியாது, படபடப்பு தெரியாது, "நான்தான் தப்பா பாத்துட்டேனா" தெரியாது. நாம் எதை எண்ணச் சொல்கிறோமோ அதைத்தான் கணினி எண்ணும். எண்ணாததை இல்லாததாக நினைக்கும் பழக்கம் மெதுவாக நமக்கு வந்துவிடுகிறது.

கடைசியில் ஓர் உடன்பாடு வந்தது. தீபாவளிக்கு முன்பு பொருள் போய்ச் சேர வேண்டுமானால் கடைசியாக எந்த நாளுக்குள் வாங்க வேண்டும் என்பது உண்மையான கெடு. தீவிபகற்பத்துக்கு ஒரு நாள், சபா, சரவாக்குக்கு இன்னொரு நாள். அந்தக் கடிகாரத்தை எழுதிக் கொடுத்தேன். அதைத் திறந்து மூடினாலும் அது உண்மையையே சொல்லும். அது பொய்க் கடிகாரம் அளவுக்கு விற்றதா? அதை நாங்கள் சோதிக்கவில்லை. வேண்டாம் என்று இரண்டு பேருமே முடிவு செய்தோம்.

சரி போட்ட அந்த 6 ரிங்கிட் கட்டம்? நான் பயிற்சி முடிந்து கிளம்பும்போதும் அப்படியேதான் இருந்தது. "அடுத்த வருஷம் பாக்கலாம் தம்பி," என்றார். முழு வெற்றி என்று எழுத ஆசைதான். ஆனால் அதுவும் ஒரு கடிகாரம் ஆகிவிடும்.

கிளம்புவதற்கு முன்பு தெலுக் இந்தான் ஆண்ட்டிக்கு போன் செய்தேன். "ஆண்ட்டி, நீங்க தப்பா பாக்கல. அந்த நேரம் உண்மையான நேரம் இல்ல. அன்னைக்கி நான் உங்ககிட்ட சரியாச் சொல்லல. வேணும்னா பொருள அனுப்பிடுங்க, காசு திரும்பி வரும்," என்றேன். ஒரு நிமிடம் சத்தமே இல்லை. "ஜிப்பா அவனுக்கு ரொம்பப் புடிச்சிருக்கு, இருக்கட்டும் தம்பி," என்றார். அப்புறம், "நான் என்னமோ எனக்குத்தான் கண்ணு சரியில்லன்னு கண்ணாடி மாத்தலாம்னு இருந்தேன்," என்று சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

நம்மில் நிறையப் பேர் இப்போது இந்த வேலைக்குத்தான் போகிறோம். செயலி எழுதுகிறோம், விளம்பரம் வடிவமைக்கிறோம், தரவு பார்க்கிறோம். யாரும் நம்மைப் பொய் சொல்லச் சொல்ல மாட்டார்கள். ஒரு கட்டத்தில் சரி போட்டு வை, ஒரு கடிகாரம் வை, ஒரு எழுத்தைச் சின்னதாக்கு என்றுதான் சொல்வார்கள். அரை மணி நேர வேலையாக வரும். அந்த அரை மணி நேரத்தில் ஒரே ஒரு ஆளை, உங்களுக்குத் தெரிந்த ஓர் அத்தையையோ பாட்டியையோ, எதிர் நாற்காலியில் உட்கார வைத்துக்கொள்ளுங்கள். நீங்கள் எழுதுவதை அவரிடம் வாய் திறந்து சொல்லிப் பாருங்கள். சொல்ல முடிந்தால் தைரியமாகச் சோதியுங்கள். எது நல்லது என்று கற்றுக்கொள்ள அதைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை. சொல்ல முடியாவிட்டால், அதைச் சோதிக்க நாணயம் சுண்ட வேண்டாம்.

நாணயம் என்ற சொல்லுக்கு நம் மொழியில் இரண்டு பொருள் இருக்கிறது. காசு என்று ஒன்று, நேர்மை என்று ஒன்று. சுண்டிப் பார்க்கக்கூடியது முதலாவது மட்டும்தான்.